டாக்டர் வீட்டுத் துண்டு

மாட்டின் விலாக்கூட்டுக்குள்ளே ஒரு துண்டு தொங்கும். ஒரு மாட்டுக்கு ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டிக்கு அது வரவே வராது, நேராகக் கடைக்காரர் வீட்டுச் சட்டிக்குப் போய்விடும். கறிக்கடைக்காரர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். பெரியவளின் அப்பாவும் அப்படித்தான் கொண்டுவருவார்.

அப்பா போன பிறகு கடையில் கத்தி பிடிப்பவள் பெரியவள்தான். முன்னால் நின்று விற்பவன் அவள் புருஷன். வீட்டோடு வந்தவன் என்பதால் தெருவுக்கே அவன் 'மாப்பிள்ளை'. வாயெல்லாம் சர்க்கரை. கத்தியைக் கொடுத்தால் மட்டும் பன்றியின் தோள் எது, தொடை எது என்று முழிப்பான். தங்கச்சி சின்னவளைக் கேட்கவே வேண்டாம். கறி வாசம் ஆகாதென்று மூக்கைப் பொத்திக்கொண்டே வளர்ந்த மகராசி. இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள்.

கொஞ்ச காலமாக அந்தத் துண்டு வீட்டுக்கு வருவதில்லை. பெரியவள் வெட்டிக் கொடுப்பாள், மாப்பிள்ளை தாளில் சுற்றி எடுத்துப் போவான்.

"ஒரு டாக்டர் ஆசைப்பட்டுக் கேக்கிறாருடி. பெரிய மனுஷங்க பழக்கம் விட்டுப்போகக் கூடாதில்ல?"

வியாபாரம்தானே என்று அவளும் கழுத்துக்கறியை மணிக்கணக்கில் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஒரு மதியம் சின்னவள் கடையின் பின்பக்கம் வந்தாள், வழக்கம்போல மூக்கில் கைக்குட்டை.

"ஏன்க்கா, கருஞ்சிவப்பா நீளமா ஒரு மாட்டுக்கறி, நடுவுல வெள்ளை நரம்பு ஓடுமே, அதை எப்படிச் சமைச்சாலும் ரப்பர் மாதிரி ஆயிடுது. என்னதான் செய்யணும்?"

பெரியவளின் கத்தி பன்றி விலாவிலேயே நின்றது. "எங்க வாங்கின?"

"மார்க்கெட்லதான். எல்லாக் கடையிலயும் கிடைக்குதே!"

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? அது எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது என்று தெரிந்திருந்தால் அந்தப் பாவி வாயைத் திறந்திருப்பாளா?

டாக்டர் வீடு எதென்று பெரியவளுக்குப் புரிந்தது. கூடப்பிறந்தவள்! இத்தனை நாளும் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்திருக்கிறாளே! ஆனாலும் குரல் பிசகவில்லை.

"நரம்பை உருவிடு. சட்டி நல்லா காயட்டும். ரெண்டு புரட்டு, எடுத்துடு. இழைக்குக் குறுக்கே வெட்டு."

"அட, இவ்வளவுதானா!" சின்னவள் சிரித்துக்கொண்டே போனாள்.

மாடோ பன்றியோ, உழைக்கிற தசைதான் இறுகும், முதுகெலும்புக்கு அடியில் சும்மா கிடப்பது வெண்ணெயாக இருக்கும் என்பார் அப்பா. பெரியவள் தன் காய்ப்புக் காய்த்த கையைப் பார்த்தாள். மெதுவான கறிக்குத்தானே எல்லா நாக்கும் ஊறுகிறது, நாசமாய்ப் போக.

மறுநாள் மாடு வந்தது. மாப்பிள்ளை தாளோடு பின்பக்கம் வந்தான். "டாக்டர் துண்டு எங்க?"

"அரைச்சுட்டேன்." கொத்துக்கறித் தட்டைக் காட்டினாள்.

"கிறுக்காடி உனக்கு? அதைப் போய் யாராவது அரைப்பாங்களா?"

"வேற என்ன செய்ய? மாட்டுக்கு ஒண்ணுதானே இருக்கு. ரெண்டு வீட்டுக்குப் பங்கு போட முடியாது." கத்தியைத் துடைத்தபடியே சொன்னாள். "உங்க டாக்டருக்கு இனிமே கழுத்துக்கறி கொண்டுபோங்க. மூக்கைப் பொத்திக்கிட்டுத் திங்கட்டும். நீங்களும் அங்கயே சாப்பிட்டுக்குங்க."

வெளியே யாரோ கறி கேட்டுக் கூப்பிட்டார்கள். அவன் தாளும் கையுமாக நின்றுகொண்டே இருந்தான். பெரியவள் கையைக் கழுவிக்கொண்டு, விற்கவும் தானே முன்னால் போனாள்.