சமதரையில் ஒரு முள்

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும். ஆனால் மேடு ஏறக் கூடாது, சமதரையில்தான் நடக்க வேண்டும். ஜவ்வாது மலையில் பிறந்தவனிடம் சமதரை கேட்டால் அவன் எங்கே போவான்? ஊரில் இருந்த ஒரே சமதரை பள்ளிக்கூட மைதானம்.

"செக்கு மாடாட்டம் அங்க சுத்திச் சுத்தி வரணுமா நானு? பாக்கறவன் சிரிக்க மாட்டான்?" என்று மாதையன் பேச்சை முடித்துவிட்டார். ஊருக்கு நியாயம் சொல்கிற மனிதர். இருபது வருஷமாக அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை.

அதனால்தான் திருப்பத்தூரில் வேலை பார்க்கும் மகன் ராஜ்குமார் டிரெட்மில் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். இன்டர்நெட்டோடு இணைந்து வேலை செய்வது. பத்து நாள் நடந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் கடைக்காரர்களே வந்து எடுத்துப் போவார்கள்.

மாதையன் அதை உழவு மாடு வாங்குகிறவர் போலச் சுற்றி வந்து பார்த்தார். பட்டையை உள்ளங்கையால் அழுத்தினார். ஓடவிட்டு, மோட்டாருக்கு மூச்சு வாங்குகிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நடை பரவால்ல. வாய்தான் சரியில்ல" என்றார்.

வாய் என்று அவர் சொன்னது உள்ளிருந்து வந்த பெண் குரலை. 'நட, இன்னும் வேகமா நட, உன்னால முடியும்' என்று அது அவரை ஒருமையில் விரட்டிக்கொண்டிருந்தது.

"மரியாத தெரியாத மிஷின எவன் வூட்ல வச்சிக்குவான்?"

ராஜ்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் குரலை அணைத்தான். பிறகு திரையைக் காட்டினான். மலைப்பாதை ஒன்று வளைந்து வளைந்து போயிற்று. அதில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். "அதே நேரத்துல நடக்கற நம்ம வூட்டு ஆளுங்க பேரு தெரியும்ப்பா. தனியா நடக்கற மாரி இருக்காது."

பின்னால் இருந்த புள்ளியில் 'மாதையன்' என்றிருந்தது. முன்னால் போன புள்ளியில் 'கோகிலவாணி'.

மாதையன் சட்டென்று இறங்கிவிட்டார்.

மூன்று வருஷமாக அந்தப் பெயரை அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. மகள், வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல், கலசப்பாக்கத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். நாலு பேர் வந்து கேட்பதற்கு முன் அவரே கோயில் வாசலில் நின்று, இனி அவளோடு பேச மாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதுதான்.

"அக்கா வூட்லயும் இதே மிஷின்தாம்ப்பா. தெனம் காலைல ஆறு மணிக்கு நடக்கும். இன்னிக்கிதான் லேட்டு."

"நான் உன்ன மணி கேட்டனா?"

மறுநாள் ஆறு மணிக்கு அவர் மிஷின் மேல் நின்றார்.

மனைவி பாஞ்சாலை காபியோடு வந்தாள். "இன்னாங்க, இவ்ளோ சீக்கிரம்?"

"டாக்டர் சொன்னத செய்யறேன்."

"டாக்டரு ஆறு மணின்னா சொன்னாரு?"

அவர் பட்டனைத் தட்டி நடக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள்தான் அதைக் கவனித்தார். முன்னால் போன புள்ளி ஒரு வளைவில் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தார். இவருடைய புள்ளி பக்கத்தில் வந்ததும் அது நகர்ந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே நின்றது, அப்படியே நகர்ந்தது.

மாதையன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அவளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஆலங்காயம் சந்தைக்கு ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று, குனிந்து, செருப்பிலிருந்து இல்லாத முள்ளைப் பிடுங்குவார். சின்னக் காலடிச் சத்தம் பக்கத்தில் வந்ததும் நடப்பார். அது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

பத்தாம் நாள் கடையிலிருந்து புருஷோத்தமன் வேனோடு வந்துவிட்டான். மணி ஆறுகூட ஆகவில்லை.

"வேற ஊருக்கும் போவணும் பெரியவரே, அதான் சீக்கிரமே வந்துட்டேன். மிஷின் புடிச்சிருக்கா? இல்ல, ஏத்திக்கிட்டுப் போவட்டா?"

"டவர் போனா படம் நின்னு போவுது. ஷூ காலக் கடிக்குது. பேச்சுல மரியாத இல்ல" என்று மாதையன் அடுக்கினார்.

"அப்ப எடுத்துக்கறேன்." அவன் ஸ்பேனரை எடுத்தான்.

"இர்ரா. இன்னிக்கி நடை பாக்கி இருக்குது."

ஏறி நடந்தார். இன்று திரையில் அவர்தான் முன்னால். மகளின் புள்ளி எங்கோ பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா ஆச்சி இதுக்கு?" என்றார் திரையைப் பார்த்து.

பாஞ்சாலை கதவோரம் நின்றபடி, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். "ஏழாம் மாசம். கால் வீங்கிக் கெடக்குதாம். நடக்கணும்னு சொல்லி இருக்காங்க."

மகள் வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஏழு மாதம் நடந்திருக்கிறது. அடுத்த வளைவு வந்தது. மாதையன் பட்டனை அழுத்தினார். பட்டை நின்றது.

"ரிப்பேரா பெரியவரே?" புருஷோத்தமன் ஓடிவந்தான்.

"முள்ளு" என்றார் மாதையன். இருபது வருஷம் வளையாத முதுகு வளைந்தது. குனிந்து, ஷூவின் அடியில் எதையோ தேடினார். வெகுநேரம் தேடினார்.

"வூட்டுக்குள்ள ஏதுங்க முள்ளு?"

"சும்மா இருப்பா" என்றாள் பாஞ்சாலை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகளின் புள்ளி மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தது. வந்து, அவளும் நின்றாள். இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில் நின்றன. மாதையன் நிமிர்ந்தார்.

"நீ போப்பா. மிஷின் இங்கயே இருக்கட்டும்" என்றார் புருஷோத்தமனிடம். பிறகு மனைவியின் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அவளுக்கு ஒரு போன் போடு. அவசரப்பட்டு நடக்க வேணாம்னு சொல்லு. நான் நின்னு நின்னு வர்றேன்."