ஒரு ராத்திரித் தாடி

காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தால் சலூன்காரர் கத்தியும் துண்டுமாகக் கிளம்பிவிடுவார். கோர்ட்டுக்குப் போகும் கைதிகளுக்கு அவர்தான் சவரம். பிடித்தவனை மறுநாளே நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். வாரக்கணக்கில் அடைத்து வைத்துவிட்டு, நேற்றுதான் பிடித்தோம் என்று சொல்வதற்குத் தாடி இடைஞ்சல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த வேலையை, வயிற்றுப்பாடு என்று அவரும் வாயைப் பொத்திக்கொண்டு செய்துவந்தார்.

அன்று ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அவருடைய தங்கை மகன்.

ஆலைக் கதவை வெளியே பூட்டி வேலை வாங்காதே என்று முதலாளியிடம் சொன்னவன். அதிலிருந்து ஆளைக் காணோம். தங்கையோடு இதே நிலையத்துக்கு நடையாய் நடந்திருந்தார். "அப்படி யாரும் இங்க இல்ல" என்று இதே இன்ஸ்பெக்டர்தான் விரட்டினார். இப்போது பையனுக்குக் கன்னம் தெரியாத தாடி.

"மாமா... அம்மா சாப்பிடறாளா?" என்றான். உதடு கிழிந்திருந்தது.

அவர் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "ஐயா, இவன் என் மருமகன்."

"யாரா இருந்தா என்ன? வண்டி நிக்குது, தாடிய வழி. இல்லேன்னா நீயும் உள்ள உட்காரு."

பயந்துவிட்டார். பயத்திலும் தொழில்காரப் புத்தி ஒன்று வந்தது. முடி பொய் சொல்லாது! வழித்த முடியைத் துண்டில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார்.

"நேத்து ராத்திரி பிடிச்சோம்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் சலூன்காரர் எழுந்தார். "பொய்ங்க ஐயா!" துண்டை மேசைமேல் விரித்தார். "இது இவன் தாடி. காலையில நான்தான் வழிச்சேன். ஒரு ராத்திரியில இவ்வளவு வளருமா?"

"சலூன்காரன்கிட்ட முடிக்கா பஞ்சம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். பையனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி போலீஸ் காவலுக்கே அனுப்பினார்கள்.

வாசலில் தங்கை நின்றாள். "உன் கையில கிடைச்சானே அண்ணே. அந்த மூஞ்சியோட போயிருந்தா எல்லாரும் பாத்திருப்பாங்களே. ஏன் வழிச்ச?"



அடுத்த வாரம் மறுபடியும் ஆள் வந்தது. பையனைத் திரும்பவும் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். ஒரு வாரத் தாடி இவ்வளவுதான் என்று நீதிபதி பார்த்தால், அன்று துண்டில் இருந்தது எத்தனை வாரத்து முடி என்று தெரிந்துவிடும்.

"வர மாட்டேன். அவன் எப்படி இருக்கானோ அப்படியே போகட்டும்."

"என்னய்யா, கொழுப்பா?"

"ஆமா."

சட்டையைப் பிடித்துத் தெரு வழியாக இழுத்துப்போய் லாக்கப்பில் தள்ளினார்கள். கம்பிக்கு வெளியே அதே ஸ்டூலில் பையன். பக்கத்தில் சோப்பு நுரையோடு அடுத்த தெரு சலூன்காரர். இவரோடு தொழில் பழகியவர்.

"வழிக்காதேய்யா!" கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "உன்னைக் கும்பிடறேன், அந்த மூஞ்சிய விட்டுடு!"

அடுத்த தெருக்காரரின் கை நின்றது.

"நீயும் உள்ள உட்காரணுமா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு பையனின் கன்னத்தில் நுரையைத் தடவினார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.