யாருக்கு என்று சொல்லாத வரி

1.

இந்தக் கதை என்னுடையதல்ல, அண்ணியிடமிருந்து கறந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்.

முதல் தொடக்கம்: "அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது, அப்போது…" [கொட்டவில்லை. மழையைப் போட்டால் பழியில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். அடித்துவிட்டேன்.]

2.

அண்ணி ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதுகிறவள். நோயாளி இறந்தால் நர்ஸ் ஒரு பட்டனை அழுத்துவார். உடனே அண்ணியின் நிரல், நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேசுக்குக் கட்டளை அனுப்பும்: இந்த எண்ணுள்ள நோயாளியை 'இறந்தவர்' என்று மாற்று. உறவினருக்குத் தகவல் தானாகப் போய்விடும்.

எண் காலியாக வந்தால்? அண்ணி அதை யோசிக்கவே இல்லை. ஒருநாள் வந்தது. 'இந்த எண்ணுள்ள' என்ற பகுதி கழன்று விழ, 'நோயாளியை இறந்தவர் என்று மாற்று' என்ற மிச்சம் மட்டும் போனது. படுத்திருந்த அத்தனை பேரும் ஒரே நொடியில் இறந்தார்கள்.*

* டேட்டாபேஸ் 'நிஜமாகவா?' என்று கேட்காது.

3.

தகவல் கிடைத்த ஒருவர் ஒற்றைக்கால் செருப்போடு மாடியேறி ஓடிவந்தார். அவர் மனைவி கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது?"

அவர் திரும்பிக் கீழே இறங்கினார். வரவேற்பு மேசையில் போய்க் கத்தினார்.

"உயிரோட இருக்கறவளைச் சாகடிச்சது யாரு? உன் வீட்டு ஆளுன்னா இப்படி அனுப்புவியா?"

வரவேற்புப் பெண் எழுந்து நின்றாள். பிழையைப் பார்க்க ஓடிவந்திருந்த அண்ணி பக்கத்திலேயே இருந்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"சிஸ்டம் கோளாறுங்க."

"நீயாவது மனுஷியா பேசறியேம்மா" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணியும் கும்பிட்டாள். [உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள், ஆனால்… இல்லை. வாயெடுக்கவில்லை.]

4.

எண் இல்லையென்றால் எதையும் தொடாதே என்று நிரலைத் திருத்தினாள். அலுவலகம் மன்னித்துவிட்டது. வரவேற்புப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அண்ணியை அந்த ஒற்றைச் செருப்புக்காரர் வீட்டுக்கே அனுப்பி மன்னிப்புக் கேட்கவைத்தேன். வாசித்துக் காட்டினேன்.

"நான் போகலியே தம்பி. என்னை நல்லவளா ஆக்காத. கூசுது."

"அப்ப எப்படி முடிக்கட்டும் அண்ணி?"

துலக்கிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரு இதைப் படிப்பாரா?"

"படிக்கலாம்."

"படிச்சா… தண்ணி குடுத்தவதான் அந்தத் தப்புக்குக் காரணம்னு கண்டுபிடிச்சிடுவாரா?"

பயந்து கேட்டாளா, ஆசைப்பட்டுக் கேட்டாளா, எனக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொய்யாக இருந்தன. படிக்கிற நீங்கள் ஒருவேளை அவராகவே இருந்தால், அவள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.