ஈயம் என்றால் எந்த ஈயம்?

ரத்தத்தில் விஷம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்ததும் துள்ளிக் குதித்த பெண்மணி, செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிளெசி ஒருத்தியாகத்தான் இருக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லேபிலிருந்து வந்ததைப் போனில் பார்த்தாள். அவள் ரத்தத்தில் ஈயம் நாற்பத்தொன்று. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் எமிக்கு மூன்றே மூன்று.

"நாப்பத்தொண்ணுங்க! உங்கள விட ஏழு கூட!" என்று கணவன் ஜாய்சனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. ஜாய்சன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி செக்‌ஷன். பேட்டரிக்குள் இருப்பதே ஈயத் தகடுகள்தான். வருடாந்தர ரத்தப் பரிசோதனையில் அவனுக்கு முப்பத்துநாலு வந்ததும், இனி அந்த செக்‌ஷனில் கால் வைக்கக் கூடாது, காஜிப்பேட்டையில் வேறு வேலை என்று ஆர்டர் தயாராகிவிட்டது. டாக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, அதுவும் இன்று ஒரு மணிக்குள். எமிக்குப் பரீட்சை வருடம் என்பதால் அவன் அங்கே, இவர்கள் இங்கே என்று ஆகிவிடும். ஜாய்சன் விதியே என்று பெட்டியைத் தூசி தட்ட ஆரம்பித்தான். பிளெசிக்குத்தான் மனசு ஆறவில்லை. கூட வேலை செய்யும் பதினோரு பேருக்கும் ஒன்றுமில்லை, தினம் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவும் இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி? அந்தச் சந்தேகத்தில்தான் தன் ரத்தத்தையும் எமியின் ரத்தத்தையும் சோதனைக்குக் கொடுத்தாள்.

"நான் என்னிக்கு ஒர்க்‌ஷாப்புக்குள்ள வந்தேன்? விஷம் அங்க இல்ல, நம்ம வீட்டுல இருக்கு. கண்டுபிடிச்சு டாக்டரம்மா முன்னாடி வைக்கிறேன் பாருங்க."

மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், குழாய்த் தண்ணீர், சுவர்ப் பெயின்ட் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாமே எமிக்கும் பொது. "நாம ரெண்டு பேரும் சாப்பிட்டு, இவ மட்டும் தொடாதது என்ன?" என்று அடுப்படியில் நின்று கத்தினாள்.

"ரசம், மம்மி. நேனு தினனு கதா," என்றாள் எமி, போனிலிருந்து தலையைத் தூக்காமலே. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வது அவள் வழக்கம். ரசத்தைக் கண்டாலே ஓடுவதும் அவள் வழக்கம்.

பிளெசியின் பார்வை அடுப்பு மேடைக்குப் போனது. அங்கே ஈயச் சொம்பு இருந்தது. கும்பகோணத்திலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்து அல்வாலில் குடியிருக்கும் தோழி சுபாஸ்ரீ ஒரு நாள் ஈயச் சொம்பு ரசம் ஊற்ற, அந்த வாசனையில் சொக்கிப்போய், கல்யாண நாளுக்குப் புடவை வேண்டாம், ஈயச் சொம்பு போதும் என்று பிளெசி அடம்பிடித்தாள். ஜாய்சன் வாங்கி வந்து நாலு மாதம் ஆகிறது. தூக்கினால் கை இறங்கும். நல்ல பொருள் கனமாகத்தான் இருக்கும் என்று பெருமை வேறு பட்டிருக்கிறாள், பாவி!

அடுத்த நிமிடம் சொம்பும் புருஷனுமாக ஆட்டோவில் ஏறினாள். செகந்திராபாத் பாத்திரக் கடைத்தெருவில் அதைச் செய்து கொடுத்த முகமது யூசுப் சொம்பைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்.

"சாப் சீசா ஹோனா போலே, மேடம். மை 'சீசா நக்கோ, ராங்கா லேவ்' போலா. 'ஹவ் ஹவ், மேரேகு மாலும், சீசாச் பனாவ்' போலே."

சீசா என்றால் காரீயம், ரத்தத்தில் ஏறும் விஷம். ராங்கா என்றால் வெள்ளீயம். பிளெசிக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. சமையல்கட்டில் ஈயம் என்றால் வெள்ளீயம். பேட்டரி செக்‌ஷனில் ஈயம் என்றால் காரீயம். இருபத்திரண்டு வருடம் காரீயத்தோடு குப்பை கொட்டிய ஜாய்சன், மனைவி கேட்ட ஈயத்தைத் தனக்குத் தெரிந்த ஈயமாகவே உருதுவில் சொல்லி, வேண்டாம் என்றவரையும் அதட்டிச் செய்ய வைத்திருக்கிறான்.

"ஏங்க, அங்க கையத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறீங்களே, அதையே காய்ச்சிக் குடிக்கலாமான்னு தோணலையா?"

"நம்ம ஆளுங்க காலங்காலமா ஈயத்துலதான ரசம் வைக்கிறாங்க? கொதிச்சா ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்," என்று ஜாய்சன் தரையைப் பார்த்தான். பிளெசிக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் சாஹித்யாவின் மேஜையில் சொம்பை வைத்தாள். டாக்டர் அதன் விளிம்பை ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தார். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது, காரீயமேதான். புளி கொதிக்கக் கொதிக்கக் காரீயம் ரசத்தில் இறங்கும், நிறுத்தினால் ரத்தத்தில் அளவு மெல்லக் குறையும், அதுவரை ஜாய்சன் இதே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் வேலை பார்க்கட்டும் என்றார். காஜிப்பேட்டை ஆர்டரை இரண்டாகக் கிழித்தார். பிளெசிக்கு அந்த அறையிலேயே ஒரு ஸ்தோத்திரப் பாட்டுப் பாட வேண்டும் போலிருந்தது.

"இந்த ரசத்த வேற யாருக்காவது கொடுத்தீங்களா?" என்று டாக்டர் தன் அரைகுறைத் தமிழில் கேட்டார். "சின்னப் பிள்ளைங்க, கர்ப்பிணிங்க?"

கீழ்வீட்டு ரோஸ்லினுக்கு ஐந்தாவது மாதம். வாந்தி நிற்கவில்லை, தூத்துக்குடியிலிருந்து அம்மாவால் வர முடியவில்லை என்று, இரண்டு மாதமாகத் தினமும் ஒரு தூக்கு நிறைய ரசம் கொண்டுபோய்க் கொடுத்ததே இவள்தான். வயிற்றுப் பிள்ளையை இது பெரியவர்களை விடவும் மோசமாகத் தாக்கும் என்று டாக்டர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. உடனே ரோஸ்லின் எண்ணைத் தட்டினாள்.

"ரோஸ்லின், நான் குடுத்த ரசத்த எவ்வளவு குடிச்ச? மறைக்காம சொல்லு!"

அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது. "அக்கா, யாரு சொன்னா? கோவிச்சுக்காதீங்க. மொத நாள் ரெண்டு வாய் குடிச்சேன். அதுக்கப்புறம் எல்லாம் சிங்க்குலதான் ஊத்துறேன். உங்க மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்ல மனசு வரல. உங்க ரசம் எனக்குப் பிடிக்கவே இல்லக்கா."

பிளெசியின் ரசத்தைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை இதுவரை வெளியாள் யாரும் சொன்னதில்லை. அவள் டாக்டர் அறைத் தரையிலேயே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, "நல்லா இருப்படி தங்கம், நல்லா இருப்ப," என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் ரத்தம் கொடுக்க உடனே கிளம்பி வரச் சொன்னாள்.