விதைக்கிற கை

"ஏமே, அங்கயே நில்லு! இன்னொரு அடி எடுத்து வெச்ச, பாரு!"

வெங்கடம்மாவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கும் தமிழும் முண்டியடித்துக்கொண்டு வரும். தண்ணீர்க் குடத்தோடு நாற்றங்கால் பாத்தியை நோக்கி வந்த சாந்தம்மா அப்படியே நின்றுவிட்டாள். பாத்தியின் தலைமாட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. வெங்கடம்மாவின் மடியிலிருந்த முறத்தில் மஞ்சள் குங்குமம் வைத்த தக்காளி விதை.

"விதை எடுக்கற நேரத்துல எதுக்க வரக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"தண்ணி கேட்டீங்களேன்னுதான்க்கா…"

"கேட்டா? கொடத்த அங்க வெச்சிட்டு கொட்டாய்க்குப் பின்னால போ. முடிஞ்சதும் கூப்புடறேன்."

சாந்தம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முகம் எரிந்தது. பழகிப்போன அவமானம்தான் என்றாலும் எரிகிற முகம் எரியத்தானே செய்யும்.

அவள் புருஷன் மாங்காய் ஏற்றிப் போன லாரி கவிழ்ந்து செத்துப் போனான். வேப்பனப்பள்ளிப் பக்கம் அவனுடைய பங்காக அரை ஏக்கர் இருந்தது. அதைத் தனக்கு விட்டுவிடச் சொல்லிக் கொழுந்தன் திம்மப்பன் காரியம் முடிந்த மறுவாரமே வந்து நின்றான். "பொம்பள தனியா என்னாத்த பயிர் பண்ணுவா?" என்றான். சாந்தம்மா ஊராரிடம் மன்றாடினாள். கடைசியில், அவள் ஒரு போகம் எடுத்துக் காட்டினால் நிலம் அவளுக்கு, இல்லாவிட்டால் திம்மப்பனுக்கு என்று நியாயம் சொன்னார்கள். நல்ல நியாயம்! அவள் கட்டிக்கொண்டவனின் நிலத்துக்கு அவளே பரீட்சை எழுத வேண்டும்.

அதற்காகத்தான் கெலவரப்பள்ளியில் வெங்கடம்மாவின் புருஷன் வெங்கடப்பனுடைய காய்கறித் தோட்டத்துக்கு வந்தாள். சின்னத் தோட்டம்தான். ஆனாலும் தக்காளி, கோஸ், நூக்கல், பீன்ஸ், கேரட், கொத்தமல்லி என்று மண் ஒரு நாளும் சும்மா கிடக்காது. "கூலி வேணாம்க்கா. சோறு போட்டு வேல கத்துக் குடுத்தா போதும்" என்றாள். வெங்கடப்பனுக்கு அது லாபமாகப் பட்டது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு களையெடுக்கக்கூட ஆள் கிடைப்பதில்லை. அவர் மகனே மண்வெட்டியைப் போட்டுவிட்டு மூக்கண்டப்பள்ளிக் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

வெங்கடம்மா கெட்டவள் இல்லை. எரு எப்போது மக்கும், நாற்றை எப்படி வேர் அறாமல் பிடுங்குவது, பீன்ஸ் கொடிக்கு எங்கே குச்சி நடுவது, எல்லாம் திட்டித் திட்டியே சொல்லிக் கொடுத்தாள். விதைப்பு மட்டும் கிடையாது. தாலி அறுத்தவள் பார்வைகூட விதை மேல் படக் கூடாது என்பது அந்தத் தோட்டத்துச் சட்டம்.

ஆகவே சாந்தம்மா விதைப்பைக் காதால் கற்றாள். கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி ஒவ்வொரு சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொண்டாள். குச்சியால் கோடு கிழிக்கிற சத்தம். பிறகு தட், தட், தட் என்று விடாமல் தட்டுகிற சத்தம். பிறகு பூவாளி சொரிகிற சத்தம். தட்டுகிற சத்தத்தை அவள் மண்ணைத் தட்டி இறுக்குவது என்று புரிந்துகொண்டாள். வேறு எப்படிப் புரிந்துகொள்வாள், பாவம்?

ஐப்பசியில் ஊருக்குப் போய்த் தன் நிலத்தில் பாத்தி போட்டாள். கோடு கிழித்து, விதை தூவி, மண் மூடி, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். தண்ணீர் பட்டுக் காய்ந்ததும் செம்மண் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிப்போயிற்று. ஒரு முளைகூட அதைப் பிளந்துகொண்டு வரவில்லை. தினமும் விடியும் முன்னே எழுந்து போய்ப் பாத்தியோரம் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள்.

திம்மப்பன் ஊராரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். "பாருங்க. தாலி அறுத்த கை போட்ட வெத. பூமாதேவியே வேணாம்னு சொல்லிட்டா."

நிலம் அவனுக்குப் போயிற்று. அவள் கேட்பார் இல்லாமல் கெலவரப்பள்ளிக்கே திரும்பி வந்தாள். வெங்கடம்மா கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினாள். "நான்தான் அப்பவே சொன்னேனே. அந்தக் கைக்கு ஆவாதும்மா." சாந்தம்மா அதையும் நம்பினாள். தன் கையைத் தானே வெறுத்தாள். இதைவிடப் பெரிய கொடுமை ஒரு மனுஷிக்கு என்ன இருக்கிறது?

மாசி மாதம் வெங்கடப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரி போவதற்குள் அடங்கிவிட்டார்.

துக்கம் ஆறுவதற்குள் அடுத்த விதைப்பு வந்தது. வெங்கடம்மா வழக்கம்போல முறத்தை எடுக்கப் போனாள். மருமகள் முனிரத்னா அவளுக்கு முன்னால் வந்து முறத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வேணாம் அத்தே."

"என்னாடி வேணாம்?"

முனிரத்னா தலை நிமிரவில்லை. "எங்க அம்மா சொல்லி அனுப்பிச்சிது. அவரு மிசினுல கை வெச்சி வேல செய்யறாரு. ஏதாவது ஆயிட்டா நா என்னா பண்ணுவேன்? கொஞ்ச நேரம் கொட்டாய்க்குப் பின்னால…" சொல்லி முடிக்காமல் அவளே அழுதுவிட்டாள்.

முப்பது வருஷம் அந்த மண்ணில் விதை போட்டவள், முறத்தை விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நடந்தாள். அங்கே ஏற்கெனவே சாந்தம்மா உட்கார்ந்திருந்தாள். நகர்ந்து இடம் விட்டாள்.

பாத்தியிலிருந்து கோடு கிழிக்கிற சத்தம் வந்தது. அப்புறம் வரவேண்டிய தட்டுகிற சத்தம் வரவில்லை.

"அய்யோ, அள்ளிக் கொட்டறாளே!" வெங்கடம்மா எழுந்து நின்று கூவினாள். "மணிக்கட்டத் தட்டும்மா! தட்டித் தட்டிப் போடு!"

"நீங்க பேசாதீங்க அத்தே!" என்று பதில் வந்தது.

சாந்தம்மா திகைத்துப் பார்த்தாள். "மணிக்கட்டயா? மண்ண இல்லயா?"

"மண்ண யாருடி தட்டுவா? தட்டினா முளை எப்பிடி வரும்?" வெங்கடம்மா கீழேயிருந்து மணலை அள்ளி இடது கையில் மூடினாள். வலது கையால் மணிக்கட்டைத் தட்டினாள். தட், தட், தட். மூடிய விரலிடுக்கு வழியே மணல் ஒவ்வொரு மணியாக உதிர்ந்தது. சாந்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"நீ… மண்ணத் தட்டினியா?"

"அப்பிடித்தாங்க்கா எனக்குக் கேட்டுச்சி."

வெங்கடம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பாவி நானு. உன் கையில ஒண்ணுமில்லடி. உன்ன இங்க உக்கார வெச்சதுதான் உன் நெலத்தத் தின்னுச்சி."

சாந்தம்மா அழவில்லை. மணலை அள்ளித் தட்டிப் பார்த்தாள். அழகாக விழுந்தது. இனி எந்த நிலத்தில் தட்டுவது?

முனிரத்னாவின் விதை கொத்துக் கொத்தாக முளைத்தது. ஒன்றையொன்று நெருக்கி, கழுத்து அழுகி, பாத்தி முழுக்கச் சாய்ந்தது. பார்க்க வந்த முனிரத்னாவின் தாயார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"விதைச்ச கை நல்ல கைதான். ஊத்தின கை என்னா கை? ரெண்டு அறுதலிங்க தெனம் தண்ணி ஊத்தினா பயிர் எப்பிடி நிக்கும்?"

பூவாளியோடு கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்த வெங்கடம்மா காதில் இது விழுந்தது. அவள் நேராக வந்து பூவாளியை மருமகளின் காலடியில் வைத்தாள்.

"இந்தா. எங்க கை தண்ணிக்கும் ஆவாதுன்னா களைக்கும் ஆவாது, எருவுக்கும் ஆவாது. எல்லாத்தயும் நல்ல கையாலயே செஞ்சிக்கங்க."

"அத்தே, வெயிலு ஏறுது… கோஸு வாடிப்போயிடும்" என்றாள் முனிரத்னா.

"வாடட்டும்."

பின்னாலேயே வந்த சாந்தம்மா தோளில் இருந்த மண்வெட்டியை இறக்கிப் பூவாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். அன்று மதியம் வரை அந்தத் தோட்டத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.