இரண்டு கதிரைகளும் ஒரு லேஞ்சியும்

ஓல்போர்க் நகரின் நடுவே ஒரு பழைய கிரிக்கெட் மைதானம் இருந்தது. டென்மார்க்காரர் கிரிக்கெட் ஆடுவார்கள் என்று கேட்டபோது, யாரோ தன்னைப் பகிடி பண்ணுவதாகத்தான் தவராஜா நினைத்தான். ஆனால் நகரசபையான கொம்யூன் அவனை வேலைக்கு அனுப்பியதே அங்கேதான். அறுபது வருடத்து மரப் பார்வையாளர் மாடத்தைத் திருத்திப் பழைய கோலத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மைதானக் காவலர் எர்லிங் பழைய வர்ணத்தை இயந்திரத்தால் சுரண்ட விடமாட்டார். கையால்தான் சுரண்ட வேண்டும். ஏழு பூச்சுப் பச்சைக்கு அடியில் மாடத்தின் முதல் நிறமான செங்காவி தெரிந்த அன்று கிழவர் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

தவராஜாவின் மனைவி தங்கமலர் அப்போது கொழும்பில் இருந்தாள். அவளை அழைப்பிப்பதற்கான கோப்பு இரண்டு வருடமாகக் கோபன்ஹேகனில் ஏதோ மேசையில் அசையாமல் கிடந்தது. மேல்வரிசை ஓரத்தில் இரண்டு கதிரைகளை அவன் தனியாகவே திருத்தினான். அங்கிருந்து பார்த்தால் கூரைகளுக்கு மேலே நீரிணையின் வெள்ளிக் கீற்றுத் தெரியும். திறப்பு விழாவில் இருவரும் அவற்றில்தான் இருப்போம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினான். அவளும் ஒவ்வொரு பதிலிலும் கதிரைகளைச் சுகம் விசாரித்தாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில் கோப்பு அசைந்தது. திறப்பு விழா நாளன்றே மதிய ரயிலில் அவள் வந்து இறங்குவதாக இருந்தது. ஆட்டம் இரண்டு மணிக்கு. முதலில் வருகிறவர் விரும்பிய இடத்தில் இருக்கலாம். தவராஜா விடியவே போய், இரண்டு கதிரைகளுக்கும் பொதுவான கைப்பிடியில் தன் லேஞ்சியை விரித்துவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடினான். அவன் புறப்பட்டபோது தங்கமலர் தைத்துக் கொடுத்த நீலக் கைக்குட்டை அது.

அவளை அழைத்துக்கொண்டு வந்தபோது அந்தக் கதிரைகளில் ஒரு தடித்த தம்பதி சொசேஜ் தின்றுகொண்டிருந்தார்கள். மாடம் முழுக்க ஆட்கள். லேஞ்சியைக் காணவில்லை.

"இதுதானோ எங்கட கதிரை?" என்றாள் தங்கமலர்.

"ஓம். லேஞ்சி போட்டுட்டுத்தான் வந்தனான்." அவன் முகம் சுருங்கிப்போனது.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். "இஞ்சாருங்கோ, இதென்ன யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டே? அங்க பாருங்கோ."

நுழைவுச் சீட்டுக் குடிலின் கண்ணாடியில் நீல லேஞ்சி ஊசி குத்தித் தொங்கியது. கண்டெடுத்த பொருள் என்று கீழே எழுதியிருந்தது. யாரோ பாவம் தொலைத்துவிட்டார் என்று நினைத்து அந்தத் தம்பதிதான் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள்.

உங்களுடையது என்பதற்கு என்ன அடையாளம் என்று குடிலுக்குள் இருந்த எர்லிங், தெரிந்த ஆள் என்றும் பாராமல் கேட்டார். அந்த அடையாளத்தை மனைவி முன்னால் சொல்லத் தவராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தங்கமலர் கைப்பையைத் திறந்து இன்னொரு நீல லேஞ்சியை எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டிலும் ஒரே மயில், ஒரே கோணல் கழுத்து.

"எனக்கு மயில் சரிவராது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அது ஏன் கதிரையில் கிடந்தது என்று கேட்காமல் கிழவர் விடவில்லை. பஸ் யன்னலுக்குள்ளால் லேஞ்சியை எறிந்தால் அந்த இடம் எறிந்தவருக்குத்தான், பிறகு யாரும் அதில் இருக்கமாட்டார்கள் என்று தவராஜா தட்டுத்தடுமாறி விளக்கினான். எர்லிங் நேராக மேலே ஏறிப்போய்ச் சட்டம் வாசிப்பதுபோல் அதை அப்படியே அந்தத் தம்பதிக்குச் சொன்னார். அவர்கள் சத்தம்போட்டுச் சிரித்தபடி எழுந்து கீழ்ப்படியில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். போகிற போக்கில் மனுசி தங்கமலருக்கு ஒரு சொசேஜும் கொடுத்தாள்.

"நீர் இந்த ஓரத்தில இரும்" என்றான் தவராஜா. "அங்கயிருந்துதான் தண்ணி தெரியும்."

அவள் இருந்தாள். கதிரை கிறீச்சிடவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் பிந்திப் போனார்கள். மாடத்தில் ஆட்களைவிடக் கைக்குட்டைகள் கூடுதலாக இருந்தன. மேல்வரிசை ஓரத்துக் கைப்பிடியிலும் ஒன்று கிடந்தது. சிவப்புக் கட்டம் போட்ட பெரிய கைக்குட்டை. தவராஜா திகைத்துக் கீழே பார்த்தான். குடிலின் யன்னலில் எர்லிங் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, இருக்கச் சொல்லிக் கையசைத்தார்.