கண்ணாடியில் தெரியும்வரை

ஓட்டுநர் பள்ளியின் கடைசி வாரத்தில் லாரிக் கம்பெனிக்காரர்கள் ஆள் பிடிக்க வந்தார்கள். ஜாப்ளின் ஊருக்கு வெளியே, முன்பு மெத்தைக் கடையாக இருந்த கட்டடத்தில்தான் எங்கள் வகுப்பு. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மேசையைப் பிடித்து, தன் நிறத்தில் தொப்பி, பேனா, டோனட் பெட்டி என்று கடை விரித்திருந்தது. எல்லா மேசையிலும் ஒரே சிரிப்பு. "உங்க குடும்பந்தான் எங்களுக்கு முக்கியம்" என்றார் சிவப்புத் தொப்பிக்காரர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. இருபத்து மூன்று வருஷம் ஒரு தொழிற்சாலையில் இருந்தவனுக்கு இந்தச் சிரிப்பு தெரியாதா?

என்னோடு படித்த பத்துப் பேரும் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். மைலுக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை வீடு, எத்தனை வாரம் பயிற்சி, நாயை ஏற்றிக்கொள்ளலாமா. நான் மேசை மேசையாகப் போய் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

"நாப்பதாம் நம்பர் ரோட்டுல உங்க வண்டி மேற்க போகுமா?"

சிவப்புத் தொப்பிக்காரர் பேனாவை நீட்டிக்கொண்டே, "நாடு முழுக்கப் போகும் சார்" என்றார். நாடு முழுக்க என்றால் எங்கேயும் இல்லை என்று அர்த்தம். கடைசி மேசையில் இருந்த பச்சைக் கம்பெனிப் பெண் மட்டும் ஒரு வரைபடத்தை விரித்தாள். ஓக்லஹோமா, டெக்சஸ், நியூ மெக்சிகோ மூன்றையும் தைத்துக்கொண்டு ஒரு கோடு போயிற்று. அந்தக் கோட்டில் டுகும்காரி என்ற ஊரின் பெயர் எறும்பு அளவில் இருந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன். மற்ற கம்பெனிகளைவிட அவர்கள் வீட்டுக்கு அனுப்புவது குறைவு என்று கூடப் படித்தவர்கள் எச்சரித்தார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள், என்னைத் தேட?

டுகும்காரியில் என் மகள் கெண்ட்ரா இருக்கிறாள். நான்கு வருஷங்களுக்கு முன்னால் அவளுக்குப் பிறந்த குழந்தை பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தது. அடக்கம் ஒரு வியாழக்கிழமை. எங்கள் தொழிற்சாலையில் புள்ளிக் கணக்கு உண்டு. தாமதமாக வந்தால் அரைப் புள்ளி, வராமல் போனால் ஒரு புள்ளி, எட்டு ஆனால் வேலை போய்விடும். என் பெயரில் ஏழு இருந்தது. பேரக்குழந்தை சாவுக்கு விலக்கு உண்டா என்று கேட்டேன். பட்டியலில் பெற்றோர், மனைவி, பிள்ளை என்றுதான் இருக்கிறது, பேரக்குழந்தை இல்லை என்றார் மேற்பார்வையாளர். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பூ அனுப்பிவிட்டு, அந்த வியாழக்கிழமை முழுக்கப் புல்வெட்டும் இயந்திரத்துக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்தேன். வேலைம்மா, வர முடியலை என்று அவளிடம் போனில் சொன்னபோது, "சரி, லோவெல்" என்றாள். எங்கள் பக்கம் பிள்ளைகள் அப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், இனி நீ அப்பன் இல்லை என்று பொருள். பதினொரு மாதத்தில் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். என் ஏழு புள்ளியை என்ன செய்தார்களோ.

காரை எடுத்துக்கொண்டு நேரே போயிருக்கலாமே என்று யாரானாலும் கேட்பார்கள். இரண்டு முறை கிளம்பி, ஓக்லஹோமா எல்லையிலேயே திரும்பி வந்தவன் நான். வாசலில் நின்று என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்லும் வாய் எனக்கு அமையவில்லை, என் அப்பாவுக்கும் அமையவில்லை. ஆனால் ஒரு லாரி ஓட்டுநர் போகிற வழியில் ஒரு வாசலில் நிற்கலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இந்தப் பக்கமா வேலையா வந்தேன், எட்டிப் பாத்துட்டுப் போகலாம்னு. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எட்டு மாதமாக ஷேவ் செய்யும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வாய்த்த பயிற்சியாளன் டெரெல். மெம்ஃபிஸ்காரன், வயது முப்பத்தொன்று, என் மகளைவிட இரண்டு வயது சின்னவன். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெருசு, நீ குறட்டை விடுவியா?" என்று கேட்டான். "எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றேன். "அப்ப விடுவ" என்றான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு படுக்கை உள்ள அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாலு வாரம் வாழ்ந்தோம். அவன் சாக்ஸ் வாசனை எனக்கும் என் குறட்டை அவனுக்கும் பழகிப்போயிற்று. அவன் கெட்டவன் இல்லை. கத்துவான், ஆனால் கத்தி முடித்ததும் மறந்துவிடுவான்.

பின்னால் எடுப்பதுதான் எனக்கு வராத வித்தை. ஐம்பத்து மூன்று அடி டிரெய்லர், நாம் இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும். சரக்குக் கிடங்குகளில் மற்ற ஓட்டுநர்கள் காபிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். டெரெல் மட்டும் இறங்கிப் பின்னால் போய் நின்று கையால் வழி காட்டுவான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவன், ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னான்.

"பின்னால நிக்கிற ஆளு உன் கண்ணாடில தெரியணும். தெரியலையா, அந்த நொடியே நிறுத்து. ஓரமா ஒதுங்கியிருப்பான், இல்லேன்னா சக்கரத்துக்கு அடியில இருப்பான். ரெண்டுல எதுன்னு இறங்கிப் பாக்காம உனக்குத் தெரியாது. புரியுதாய்யா?"

புரிந்தது. நாலு வாரத்தில் நான் ஒழுங்காகக் கற்றது அது ஒன்றுதான்.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, ஓக்லஹோமா சிட்டிக்குக் கிழக்கே ஒரு கிடங்கில் நாய்த்தீனி ஏற்றினோம். ஆல்புகெர்க்கியில் இறக்க வேண்டும். ரசீதில் ஊரின் பெயரை இரண்டு முறை படித்தேன். நடுவில் டுகும்காரி வரும். நான் டெரெலிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழிந்த பிறகு நான் ஓட்டும்போது அவன் படுக்கலாம் என்பது கம்பெனி விதி. டெக்சஸ் எல்லை தாண்டியதும் திரையை இழுத்துவிட்டுப் படுத்தான். காற்று டிரெய்லரை ஓயாமல் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் காய்ந்த புல், காற்றாலைகள், வேறு ஒன்றுமில்லை. அந்தத் தனிமையில் என் வாக்கியத்தை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

சட்டப்படி அரை மணி நேரம் நான் ஓய்வெடுத்தாக வேண்டும். அதை டுகும்காரி லாரி நிறுத்தத்தில் எடுத்துக்கொண்டு, நடந்தே அவள் வீட்டுக்குப் போய்வருவது என்பதுதான் என் திட்டம். மதியம் மூன்று மணிக்கு ஊருக்குள் இறங்கும் சாலையில் திரும்பினேன். போனை எடுத்துப் பார்த்தால் நிறுத்தத்திலிருந்து அவள் வீடு இரண்டரை மைல். போகவே ஒரு மணி நேரம் ஆகும். அதே போன், வண்டியில் போனால் ஆறு நிமிடம் என்று காட்டியது. போனுக்கு என்ன தெரியும், நான் காரிலா இருக்கிறேன், எழுபது அடி லாரியிலா என்று? அது தெரிந்திருக்க வேண்டியவன் நான். பள்ளியில் முதல் நாளே சொன்ன பாடம், கார் வழிகாட்டியை நம்பி லாரியை ஊருக்குள் விடாதே என்பது. தெரிந்தேதான் விட்டேன். ஆறு நிமிடம் என்ற எழுத்தைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

அவள் தெரு பழைய மோட்டல்களுக்குப் பின்னால் இருந்தது. இடப்பக்கம் திரும்பினேன். லாரி திரும்பிவிட்டது, டிரெய்லர் திரும்பவில்லை. முனை வீட்டுப் புல்தரையில் பின்சக்கரம் ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். ஓரத்தில் கம்பத்தோடு நின்ற தபால் பெட்டி மெதுவாகச் சாய்ந்து, டயருக்கு அடியில் போனது. நானூற்றுப் பன்னிரண்டு என்று எண் போட்ட பெட்டி. நாலு வருஷமாக ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் நான் வாழ்த்து அட்டை அனுப்பிய எண். முன்னால் பார்த்தால், தெரு அறுபது அடியில் ஒரு வாய்க்காலோடு முடிந்தது.

திரை விலகியது. டெரெல் சாக்ஸோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"எங்கய்யா இருக்கோம்?"

"டுகும்காரி."

"அது தெரியுது. யார் வீட்டு முற்றத்துல இருக்கோம்?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான், நசுங்கிய பெட்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "பெருசு, இதை நான் கம்பெனிக்குச் சொல்லியாகணும். வழி மாறி வந்திருக்க. பயிற்சியில இருக்கிற ஆளு ஒரு பொருளை இடிச்சா அன்னைக்கே பஸ் ஏத்தி அனுப்பிருவாங்க. உன் பேருல அது ஒட்டிக்கும், வேற கம்பெனியும் சீக்கிரத்துல எடுக்காது. எதுக்குய்யா இங்க வந்த?" என்றான்.

அதற்குள் முனை வீட்டின் கதவு திறந்தது.

கெண்ட்ரா இளைத்திருந்தாள். ஆண்பிள்ளைச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் பாத்திரம் துடைக்கும் துணி. முதலில் பெட்டியைப் பார்த்தாள், பிறகு டிரெய்லரை, பிறகு நடந்து வந்து மேலே ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"லோவெல்" என்றாள்.

எட்டு மாதமாகப் பாலிஷ் போட்டு வைத்திருந்த அந்த வாக்கியம், யோசிக்கும் முன்பே வாயிலிருந்து விழுந்தது. "இந்தப் பக்கமா வேலையா வந்தேன்."

அது காற்றில் கலந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. வேலை. உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, அவளிடம் சொல்லவே கூடாத ஒரே வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அறுநூறு மைல் வந்திருக்கிறேன்.

"வேலை" என்றாள். துணியை ஒரு முறை முறுக்கினாள். "ஆமா. உங்களுக்கு எப்பவும் வேலைதான்."

டெரெல் அந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கிச் சுற்றி வந்தான். இன்னும் சாக்ஸோடுதான் இருந்தான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கள் தாடை ஒன்று போல இருக்கும், அதைப் பார்த்திருப்பான்.

"அம்மணி, வேலை எங்களுக்கு அந்த மெயின் ரோட்டுல. இந்தத் தெருவுல எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இங்க வந்ததுக்கு இந்தாளுக்கு இருக்கிற வேலையும் போகப்போகுது. அது தெரியாத ஆளு இல்லை."

எதிர்வீட்டில் ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். டெரெல் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். "பின்னாலயேதான் வெளிய எடுக்கணும். வலப்பக்கம் கரண்ட் கம்பம், அதை நான் பாத்துக்கிறேன். இடப்பக்கம் ஒரு ஆளு வேணும். நீங்க நிப்பீங்களா? இவர் கண்ணாடில உங்க முகம் தெரியிற இடத்துல நின்னா போதும். இவர் முகம் உங்களுக்குத் தெரிஞ்சா உங்க முகம் அவருக்குத் தெரியும். அவ்வளவுதான்."

மாட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு டிரெய்லரின் பின்முனைக்கு நடந்தாள்.

கண்ணாடியில் அவள் வந்து நின்றாள். உள்ளங்கை அளவு இருந்தாள். கையை உயர்த்தி, வா என்று இரண்டு விரலால் காட்டினாள். நான் பின்னால் எடுத்தேன். அவள் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்க, நான் ஒவ்வொரு அடியாக அவளை நோக்கிப் போனேன். இடப்பக்கம் என்று காட்டினால் இடப்பக்கம், நில் என்று காட்டினால் நின்றேன். ஒருமுறை கூடத் தப்பவில்லை. நாலு வாரமாக வராத வித்தை அந்தத் தெருவில் வந்தது. நாலு வருஷத்தில் நான் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை, அவளும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது, அதுதானே விதி. வழி முடிந்துவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு. காற்று அவள் தோள் துணியைப் பறக்கவிட்டது, அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வா, வா என்றாள். சாய்ந்து கிடந்த தபால் பெட்டி அவள் காலருகே வந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள்.

அடுத்த நொடி கண்ணாடியில் அவள் இல்லை.

பிரேக்கை மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது.

"ஏன்யா நிறுத்துற?" வலப்பக்கத்திலிருந்து டெரெல் குரல் வந்தது. "இன்னும் பத்தடிதான். இந்தப் பக்கம் ஒண்ணுமில்ல, வா, வா!"

கைப்பிரேக்கின் மஞ்சள் குமிழை இழுத்தேன். காற்று புஸ்ஸென்று வெளியேறி, சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கண்ணாடியில் வெறும் தெரு இருந்தது, புல்லில் டயர் தடம் இருந்தது. ஒற்றை ரப்பர் செருப்பு தார்ச்சாலையில் குப்புறக் கிடந்தது. அபாய விளக்கைப் போட்டேன். அதன் மஞ்சள் வெளிச்சம் அவள் நின்ற இடத்தில் விழுந்தது, அணைந்தது, மறுபடி விழுந்தது. நான் கதவைத் திறந்து, படியில் காலை வைத்து, இறங்கினேன்.